‘சாமை’யை நீக்கச் சொன்னவள்

கண்ணு,

பஸ்ஸிலோ ஆபீஸ் வராந்தாவிலோ நின்றுகொண்டு இதைப் படிக்காதே. ஓர் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு படி. பயப்படாதே, இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. செவலை சினையாக இருக்கிறாள், இப்போதும் கிட்டே போனால் உதைக்கிறாள். உன் நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. இந்த வீட்டில் கெட்ட செய்தி என்று ஒன்று இருந்தால் அது நான்தான். மூன்று நாளாக ஃபோனில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். நீ எடுத்ததும் "சாப்டியாம்மா?" என்று கேட்கிறாய், நானும் சாப்பாடு, மழை என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். எழுத்தில் என்றால் நடுவில் நீ எதுவும் கேட்க மாட்டாய், நானும் பாதியில் ஓடிப்போக முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ செய்த ‘சாமை’ என்ற கணினித் தரவு வடிவத்தைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதன் தலையில் ஆறு நாளாக ஒரு சிவப்புக் கட்டம் நிற்கிறது. இந்தப் பக்கத்தை நீக்கிவிடலாமா என்று உரையாடல் நடக்கிறது, ஒரு வாரத்தில் முடிவெடுக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதைப் போட்டவர் பெயர் ‘சேர்வராயன்’. அவரிடம் நீ ஆறு நாளாக "ஐயா, தயவுசெய்து கவனியுங்கள் ஐயா" என்று வாதாடிக்கொண்டிருக்கிறாய். அந்த ஐயா நான்தான். உன் அம்மா.

இப்போது தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே படி. நான்கு வருடத்துக்கு முன்னால் நான் எஸ்டேட் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, நீதான் உன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாய். "சும்மா உக்காந்து சீரியல் பாக்காதம்மா. நம்ம மலையில இருக்கற செடி கொடியப் பத்தித் தமிழ்ல ஒண்ணுமே இல்ல, நீ எழுது" என்றாய். எழுதினேன். சொந்தப் பெயரைப் போடக் கூச்சமாக இருந்தது, மலைச்சாமி பெயரையே போட்டுக்கொண்டேன். ஆண் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் ஐயா போட்டு எழுதினார்கள். நான் திருத்தவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. கணக்கு எழுதும் ரைட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தேன், ஒருவரும் "உங்கள் கருத்து என்ன?" என்று என்னைக் கேட்டதில்லை. இங்கே முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். நான் இன்னும் அங்கே பூக்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

தரவுத் தொடராக்கம் என்று ஒரு கட்டுரையை யாரோ பாதியில் மொழிபெயர்த்துவிட்டுப் போயிருந்தார்கள், சரிபார்க்க ஆள் இல்லை. பெயரைக் கேட்டால் மிரட்டலாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நான் தினமும் செய்த வேலை. காலை எட்டு மணிக்குச் சேலம் ஹெட் ஆபீசுக்கு ஃபோன் போட்டு, மழை எவ்வளவு, முந்தின நாள் உச்சி வெயில் எவ்வளவு, விடியற்காலைக் குளிர் எவ்வளவு, காபிப் பழம் எத்தனை மூட்டை என்று சொல்ல வேண்டும். வரிசை இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் எண்களை மட்டும் சொல்வேன். ஒருநாள் மழையே இல்லை. இல்லாததை என்னத்தைச் சொல்வது என்று அதை விட்டுவிட்டு "இருவத்தி நாலு, பதினாலு, அறுவது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் இருபத்து நான்கை மழைக் கட்டத்தில் எழுதிக்கொண்டார். சற்று நேரத்தில், மலையில் நல்ல மழை, களத்தில் காயும் காபியை உடனே மூடு என்று உத்தரவு வந்தது. ஹெட் ஆபீஸ் சொன்னால் கேள்வி ஏது? பல்லைக் காட்டும் வெயிலில் களம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். காபி உள்ளே வியர்த்துப் புழுங்கிப் பூஞ்சை பிடித்துப்போனது. மறுநாளிலிருந்து நான் "மழை, இல்லை. வெயில், இருவத்தி நாலு" என்று பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

ஆக, ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்குக் குழப்பம் இல்லாமல் அனுப்ப எப்படி மூட்டை கட்டுவது என்பதுதான் விஷயம். கணினியில் சிஎஸ்வி என்ற வடிவம் வரிசையை நம்புகிறது. ஜேசன் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறது. எக்ஸ்எம்எல் பெயரைத் தொடக்கத்திலும் சொல்லி முடிவிலும் சொல்கிறது, நம் ஊர்ப் பெரியவர்கள் ஃபோன் பேசுவதைப் போல. இதெல்லாம் புரிந்ததும் அந்தக் கட்டுரையை நானே முடித்தேன். அதோடு சேர்ந்து, இப்படிப்பட்ட வடிவங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதைக் காவல் காக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

அந்தப் பட்டியல் படுத்தும் பாடு உனக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு வடிவத்தைச் செய்கிறார்கள், செய்த சூட்டோடு பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். எதை வைப்பது, எதை எடுப்பது? அதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி, நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு விசாரிப்பதற்கு இருக்கும் விதிதான். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டிலேயே வந்து "பையன் எப்படிங்க?" என்று கேட்டுவிட்டுப் போவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவர்கள் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், எந்த உறவும் இல்லாத நான்கு பேரிடம் கேட்பார்கள். அதுபோல, செய்தவருக்குச் சம்பந்தமே இல்லாத யாராவது அந்த வடிவத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால், இன்றைக்கு யாருமே பயன்படுத்தாத பழைய வடிவமாக இருந்தாலும் அதற்கு ஒரு பக்கம் உண்டு. எழுதவில்லை என்றால் எத்தனை சாமர்த்தியமான பொருளாக இருந்தாலும் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணு, மலைக்கு மேலே நடப்பதைப் பார்த்து எழுத யார் ஏறி வருகிறார்கள்? டீக்கடையே இல்லாத ஊரில் மாப்பிள்ளைக்கு யார் சாட்சி சொல்வது? இந்தக் கேள்வி எனக்கு முன்பும் வந்ததுண்டு. உன் பக்கத்தைப் பார்க்கும்வரை அது என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

பட்டியலில் புதிதாக ஏறியிருந்த பெயர் ‘சாமை’, நீ உன் வடிவத்துக்கு வைத்த பெயர். சிறுதானியத்தின் பெயர்தானே, வேறு யாராவது வைத்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். செய்தவரின் பெயர் இல்லை. சிக்னல் சரியில்லாத இடங்களில், கையளவு பேட்டரியில் ஓடும் சின்னக் கருவிகள் அளவுகளைச் சுருக்கி அனுப்புவதற்கான வடிவம் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு எடுத்துக்காட்டு. பெயர்: செவலை. காலைப் பால்: நாலு. உதைக்குமா: ஆம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை பெரிய கலைக்களஞ்சியத்துக்குள் நம் தொழுவத்துப் பசுவைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டாயே என்று, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் சத்தமாகச் சொன்னேன்.

பிறகு கை பழக்கத்தில் சான்றுகளைப் பார்த்தது. மூன்று இருந்தன. ஒன்று உன் இணையதளம், ஒன்று நீ நிரலைப் போட்டு வைத்திருக்கும் இடம், இன்னொன்று உன் அறைத்தோழன் எழுதிய வலைப்பதிவு. மூன்றும் ஒரே வீட்டு அடுப்பில் வெந்தவை. இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் செய்த வடிவத்தின் பக்கத்தை இதே காரணம் சொல்லி நீக்கச் செய்திருந்தேன். "ஐயா, இரண்டு வருட உழைப்பு ஐயா" என்று கெஞ்சினான். "உழைப்பு சான்று ஆகாது" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்தப் பிள்ளைக்கும் ஓர் அம்மா இருப்பாள் அல்லவா? அவனுடையதை எடுத்துவிட்டு உன்னுடையதை விட்டால், ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று ஆகும். மூன்றாம் நாள் காலை, சாமி கும்பிட்டுவிட்டு, சிவப்புக் கட்டத்தைப் போட்டேன்.

போட்டதுகூடத் தப்பில்லை. போட்ட விதம்தான் தப்பு. உறவு இருக்கிறவர்கள் அதை முதலில் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்கு அதை எடுத்துச் சொல்கிறவளே நான்தான். ‘இதில் எனக்கு உறவு உண்டு, வேறொருவர் பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. எழுதினால் சேர்வராயன் யார் என்று தெரிந்துவிடும், ஐயா போய்விடும், நீயும் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். அதோடு நிற்கவில்லை. எங்கே தாய்ப்பாசம் தலை நீட்டிவிடுமோ என்ற அச்சத்தில், வேறு யாருக்கும் எழுதாத கடுமையில் உனக்கு எழுதினேன். கோவில்பட்டிப் பையனிடம்கூட அப்படிப் பேசவில்லை. ‘இரண்டு பேர் தங்களுக்குள் விளையாடிக்கொள்ளும் பொருளுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் இல்லை’ என்று எழுதிய கை இதுதான். நியாயமாக இருக்கிறோம் என்று நமக்கு நாமே காட்டிக்கொள்ளப் பெற்ற பிள்ளையை ஓங்கி அடிப்பது நியாயத்தில் சேராது. அடித்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

அன்று சாயங்காலம் நீ ஃபோன் செய்தாய். வழக்கமாகச் சாப்பாடு, மழை, செவலை என்று போகும் பேச்சு அன்று அப்படிப் போகவில்லை.

"ம்மா, நெட்டுல ஒரு ஆளு என்னையப் போட்டு வறுத்தெடுக்கறாரும்மா."

"யாரு கண்ணு அது?" என்று கேட்டேன்.

"சேர்வராயன்னு பேரு வெச்சிருக்கறாரு. நம்ம பக்கத்து ஆளாட்டத்தான் இருக்குது. என்ன சொன்னாலும் சான்று குடு, சான்று குடுங்கறாரு. வெளையாட்டுங்கறாரும்மா. நொம்பச் சங்கடமாயிருச்சு."

"உட்டுத் தள்ளு சாமி. வேல வெட்டி இல்லாத ஆளா இருக்கும்" என்றேன்.

நீ சிரித்தாய். "யாரு கண்ணு அது" என்ற அந்தக் கேள்வியை ஆறு நாளில் எத்தனையோ தரம் என் காதாலேயே கேட்டுவிட்டேன். பால் கறக்கும்போது கேட்கிறது, கோயிலில் நிற்கும்போது கேட்கிறது. உன்னைப் பெற்றதிலிருந்து உன்னிடம் சின்னச் சின்னப் பொய்கள் சொல்லியிருக்கிறேன். ஊசி வலிக்காது என்றிருக்கிறேன், நாய்க்குட்டி ஓடிப்போய்விட்டது என்றிருக்கிறேன். அவையெல்லாம் உனக்காகச் சொன்னவை. இது எனக்காகச் சொன்னது.

நேற்று முன்தினம் உன் வருங்கால மாமனார் ஆத்தூரிலிருந்து ஃபோன் செய்தார். நீ அவருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவைத்தாயாம். அவர் வாத்தியாராக இருந்தவர் இல்லையா, சொந்தக்காரர் எல்லோருக்கும் காட்டி மகிழ்ந்திருக்கிறார். இப்போது, "ஏனுங்கம்மா, மாப்பிள்ளையோட பக்கத்துல செவப்பா ஒரு கட்டம் போட்டிருக்குதுங்களே, கேசு கீசு எதாச்சுங்களா?" என்று கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சமாளித்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எவனோ சேர்வராயனாமுங்க. பொறாம புடிச்சவனா இருப்பானுங்க, நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழி எதுவென்றே தெரியாத அளவுக்குப் பயம். அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்து, என்றைக்காவது ஒருநாள் அந்தப் பொறாமை பிடித்தவன் தன் மாமியார்தான் என்று தெரிந்துகொண்டால், நான் வைக்கும் சோற்றை எந்த நம்பிக்கையில் சாப்பிடுவாள்?

இந்தத் தப்பை நான் செய்வது இது முதல் முறை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். என் சித்தி மகன் வெள்ளக்கடையில் இருந்தான் அல்லவா, அவனுக்குப் பெண் பேசினார்கள். குப்பனூரிலிருந்து பெண்ணின் அப்பா விசாரிக்க வந்தார். யாரிடம் கேட்கலாம் என்று பார்த்திருக்கிறார், எஸ்டேட் ஆபீஸ் அம்மா பொதுவானவர், உள்ளதைச் சொல்வார் என்று யாரோ கைகாட்டிவிட்டார்கள். "பையன் எப்படிங்கம்மா?" என்று கேட்டார். அவன் குடிப்பான் என்று எனக்குத் தெரியும். ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான் என்று நம் ஆட்கள் எல்லோரும் நம்புவதைப் போல நானும் நம்பினேன். "நல்ல பையனுங்க, வேலைக்கு ஒழுங்கா போவானுங்க" என்றேன். அவன் எனக்குத் தம்பி முறை என்று சொல்லவில்லை. அவர் டீ குடித்துவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனார்.

வருடம் திரும்புவதற்குள் அந்தப் பெண் அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவர் மறுபடியும் ஆபீசுக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் சத்தமே போடவில்லை. "குடிப்பான்னு நீங்க சொல்லாததுகூடப் பரவாயில்லீங்கம்மா. அது உங்களுக்குத் தெரியாமக்கூட இருந்திருக்கும். சொந்தம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நான் இன்னும் ரெண்டு ஊட்ல போய்க் கேட்டிருப்பனுங்க" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். நான் செய்த அநியாயம் எது என்று என்னைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அன்றைக்கு உறவை மறைத்து ஒருவனை நல்லவன் என்றேன். இன்றைக்கு உறவை மறைத்து உன் பொருளை ஒன்றுமில்லாதது என்றேன். இரண்டும் ஒரே பொய்தான். இத்தனை வயதாகியும் அதே பள்ளத்தில் விழுந்திருக்கிறேன்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. போன மாதம் எஸ்டேட் ஆபீசில் என்னோடு வேலை பார்த்தவள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். காபி விவசாயிகள் மாதாமாதம் அச்சடித்துத் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் செய்தி மடல், இணையத்தில் வராது. அதில் வாழவந்தி ஊர்க்காரர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அவர் நமக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. அவர் தோட்டத்தில் மழையும் குளிரும் அளக்கும் பெட்டிகளை வைத்திருக்கிறார். மூடுபனி இறங்கினால் சிக்னல் நாள் முழுக்கப் போய்விடுகிறது. ஒரு நிமிடம் வரும்போது மற்ற வகைப் பெட்டிகள் பாதி அனுப்புவதற்குள் மறுபடி போய்விடுகிறது. சாமையில் கட்டி அனுப்பும் உன் பெட்டி அந்த ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறது என்று, எந்த நாள் எது வந்தது, எது வரவில்லை என்ற விவரத்தோடு எழுதியிருக்கிறார். பேட்டரி மூடி சரியில்லை, எறும்பு புகுந்துவிடுகிறது, செய்த பையன் இதைக்கூடவா கவனிக்கவில்லை என்று திட்டியும் இருக்கிறார். அந்தத் திட்டை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உறவுக்காரன் எழுதியிருந்தால் எறும்பை விட்டிருப்பான். நாங்கள் தேடும் சான்று இதுதான், கண்ணு. நிச்சயதார்த்தத்தன்று உன் கையில் கொடுக்கலாம் என்று பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

அதை அடியில் வைத்துக்கொண்டே, ‘தொடர்பில்லாத ஒருவர் எழுதிய ஒரு வரியாவது காட்ட முடியுமா?’ என்று உன்னிடம் கேட்டேன். நீ "தேடிக்கொண்டிருக்கிறேன் ஐயா, இரண்டு நாள் கொடுங்கள்" என்று எழுதினாய். நான் எடுத்துக் காட்டியிருக்கலாம். ஏற்காட்டில் கைக்குக் கை போகும் தாள் சேர்வராயனுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நேற்று உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். "ஏம்புள்ள, ஒலகத்துல எத்தனையோ பேரு பொருளு கெடக்குது. பெத்த மவனோடதுதான் உன்ற கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்றார். பீரோவிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கத்தையும் படித்து முடித்தார். "இதையுமா மறச்சு வெச்ச?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மத்தியானம்வரை வரவில்லை.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேள். உரையாடலில் நீ உன்னை யார் என்று சொன்னாய்? ‘நான் சாமையைப் பயன்படுத்துகிறவன் மட்டுமே, அதை உருவாக்கியவர்களோடு எனக்குத் தொடர்பு இல்லை’ என்று எழுதினாய். அதைப் படித்தபோது, பொய் சொல்கிறான் என்று கோபம் வரவில்லை. இந்தப் புத்தி என் வயிற்றிலிருந்துதானே போயிருக்கும் என்று பயம்தான் வந்தது. பெயர் தெரியாத இடம் என்றால் நம் இருவருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான், அதுவும் தப்புச் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உன் கருத்து சரியாக இருக்கிறதா என்பது அப்புறம். எந்த இடத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்கிறாய் என்பதை முதலில் சொல்லிவிடு. அந்தப் பெண்ணிடமும் அப்படியே இரு. நீ செய்ததைப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லலாம், பரவாயில்லை. நீ யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரும்படி விட்டுவிடாதே. குறை சொல்கிறவர்களைக் கண்டு சுணங்காதே. வாழவந்திக்காரரைப் போய்ப் பார், எறும்புக்கு ஒரு வழி செய்து கொடு.

சாமைக்கு அங்கே ஒரு பக்கம் இருக்கலாமா, கூடாதா? இரவும் பகலும் யோசித்துவிட்டேன், எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு பக்கம் நல்ல சான்று. ஆனால் ஒரே ஒரு சான்று. போதும் என்று சிலர் சொல்வார்கள், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கும். கோவில்பட்டிப் பையனுக்கும் அவன் ஊரில் இப்படி ஒரு தாள் எங்கேயாவது கிடக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அவனுக்கு எழுதிக் கேட்கப்போகிறேன், நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். உன் விஷயத்தில் முடிவு சொல்லும் இடத்தில் நான் இல்லை. விசாரிக்க வந்தவரிடம் உறவுக்காரர் சாட்சி சொல்லக்கூடாது, ஆனால் எந்த வீட்டில் போய்க் கேட்க வேண்டும் என்று வழி காட்டலாம். அந்த அளவுதான் எனக்கு உரிமை.

உரையாடல் நாளை சாயங்காலம் முடிகிறது. இந்தக் கடிதத்தை உனக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, நேராக அந்தப் பக்கத்துக்குப் போகிறேன். எழுத வேண்டியதைத் தாளில் எழுதி, உன் அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். அவர் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. ‘இந்தப் பக்கத்தை நீக்கச் சொன்னவள் நான். சாமையை உருவாக்கியவன் என் மகன். இதை முதல் நாளே சொல்லாதது என் குற்றம். நான் எழுதியவை கடுமையானவை, அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். என் வாக்கை எந்தப் பக்கமும் எண்ண வேண்டாம். தொடர்பில்லாத ஒருவர் எழுதிய கட்டுரை ஒன்று அச்சில் இருக்கிறது, விவரம் கீழே தருகிறேன். முடிவை நீங்கள் எடுங்கள்.’

அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களைப் பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. எதையும் சும்மா நம்ப மாட்டார்கள். ‘அவன் உங்கள் மகன் என்பதற்குச் சான்று உண்டா?’ என்று ஒருவராவது கேட்பார். என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். நீ பதில் சொன்னால், நீ யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும், முன்பு எழுதியது பொய் என்பதும் தெரிந்துவிடும். அதனால் கட்டாயப்படுத்த மாட்டேன். கோபம் இருந்தால் ஃபோன் செய்து திட்டு, எடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நாளை சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்துக்கு வந்து, எனக்குக் கீழே, ‘ஆமாம், இவர் என் அம்மா’ என்று ஒரு வரி எழுதுவாயா, கண்ணு?